மன உறுதி உள்ளவர்களுக்கு நிறுத்த இடம் இல்லை

இன்ஸாஃபுக்கு வண்டி நிறுத்த இடம் இல்லாமல் போனது, அவளைப் போன்றவர்களுக்கென்று அரசாங்கம் ஓர் இடத்தை ஒதுக்கிய நாளில்தான்.

அதற்கு முன்பு இடம் இருந்தது. அலெக்சாந்திரியாவின் மன்ஷிய்யாப் பகுதியில், துணிக்கடைகள் நெருக்கியடிக்கும் ஒரு சந்தில் அவள் கல்யாண உடுப்புத் தைக்கும் கடை வைத்திருந்தாள். அந்தச் சந்தின் ஓரங்களை ஹமாமா என்பவன் ஆண்டுவந்தான். எந்த வண்டி எங்கே நிற்கலாம், எது எப்போது நகர வேண்டும், எந்த மாப்பிள்ளை வீட்டுக் கார் கொஞ்சம் அதிகம் நின்றால் தெருவே ஹாரன் அடிக்கும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். அந்த அதிகாரத்தை அவனுக்கு யாரும் கொடுக்கவில்லை. அதனால் யாரும் அதைக் கேள்வி கேட்கவும் இல்லை. காலையில் கடற்கரைச் சாலையிலிருந்து இன்ஸாஃபின் பழைய வெள்ளை வண்டி திரும்புவது தெரிந்தால், கடை வாசலில் இடம்பிடிக்கப் போட்டிருக்கும் நாற்காலியை ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு, "வாங்கக்கா, வாங்க, இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான்" என்பான்.

குழந்தையாக இருந்தபோதே இளம்பிள்ளை வாதம் இன்ஸாஃபின் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டிருந்தது. தொடை வரை இரும்புச் சட்டம், கையில் ஊன்றுகோல். வண்டியைக் கையாலேயே பிரேக் பிடித்து ஓட்டும்படி மாற்றி வைத்திருந்தாள். இறங்கினால் கடை. வருஷக்கணக்காக இப்படித்தான் ஓடியது. இதை ஒரு சாதனை என்று யாரும் சொன்னதில்லை, அவளும் நினைத்ததில்லை.

பிறகு ஒரு நாள் லாரியில் நீலப் பெயின்ட் வந்தது. கடை வாசலில் அவள் வண்டி நிற்கும் இடத்திலேயே தரையில் பெரிய நீலக் கட்டம் போட்டு, நடுவில் வெள்ளையில் சக்கர நாற்காலிப் படம் வரைந்தார்கள். பக்கத்தில் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு பலகை. உயர்குழுவின் அனுமதி அட்டை பெற்றவர்களுக்கு மட்டும் என்று பலகை சொன்னது. ஹமாமாவைச் சட்டவிரோதி என்று துரத்தினார்கள். நாற்காலியைச் சாட்சியப் பொருளாக லாரியில் ஏற்றினார்கள். இன்ஸாஃபுக்கு ஹமாமாவை நினைத்து வருத்தம்தான், ஆனாலும் சந்தோஷம் பெரிதாக இருந்தது. இத்தனை நாளாக ஒருத்தனின் தயவில் கிடைத்தது இனி உரிமையாகக் கிடைக்கும். அன்று பஸ்பூசா இனிப்பு வாங்கிக் கடையில் எல்லாருக்கும் கொடுத்தாள்.

மறுநாள் காலை நீலக் கட்டத்தில் வண்டியை நிறுத்தினாள். மதியம் வெளியே வந்தபோது முன்சக்கரத்தில் மஞ்சள் நிற இரும்புப் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பூட்டியவன் பக்கத்திலேயே நின்று சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான்.

"அட்டை எங்க மேடம்?"

"இந்தா பாரு, என் கால்."

"கால் இருக்கு மேடம். நான் அட்டையக் கேட்டேன்."

"இந்தப் படம் யாருக்காகப் போட்டிருக்கு?"

அவன் தரையில் இருந்த படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "படத்துல இருக்கறவரு உக்காந்திருக்காரு. நீங்க நிக்கறீங்க. எனக்கு இதுக்கு மேல தெரியாது, உயர்குழுவுல கேளுங்க."

அன்றிலிருந்து அவள் வண்டியைக் கடலோரத்தில் நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டியதாயிற்று. இரும்புச் சட்டம் நெடுந்தூரம் நடப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஒரு வாரத்தில் தொடையில் உரசிய இடம் புண்ணானது. மழை நாட்களில் அவள் வந்து சேரவே முடியவில்லை. அளவு கொடுக்க வந்த பெண்கள் காத்திருந்து பார்த்துவிட்டு அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள். கடையில் கூடவே தைக்கும் நபவிய்யா வாயை அடக்கத் தெரியாதவள்.

"இப்படியே போனா நம்ம கடையில கடைசியா தைக்கப்போறது கதவுக்குத் திரைச்சீலைதான். போய் அந்த அட்டைய வாங்கிட்டு வா."

*

வாகன நிறுத்தத் தகுதி உயர்குழு, பருத்தி வியாபாரி ஒருவர் ஒரு காலத்தில் கட்டிய மாளிகையில் இயங்கியது. வாசலிலேயே ஒரு நீலக் கட்டம் இருப்பதைப் பார்த்து இன்ஸாஃபுக்கு நம்பிக்கை பிறந்தது. ஆனால் கட்டத்தை அடைத்துக்கொண்டு பளிங்கு மேடை ஒன்று நின்றது. மேடைமேல் வெண்கலத்தில் சக்கர நாற்காலி, நாற்காலியில் சூரியனை நோக்கிக் கை நீட்டிய ஒரு வெண்கல இளைஞன்.

"அங்க நிறுத்தாதீங்க மேடம்" என்றான் காவலாளி. "அது உங்கள மாதிரி ஆளுங்களுக்கான நினைவுச்சின்னம்."

"அதுக்கு முன்னாடி அங்க என்ன இருந்தது?"

"உங்கள மாதிரி ஆளுங்களுக்கான இடம்."

மாளிகையில் லிஃப்ட் இருந்தது. விழாவுக்கு வாங்கிய நாற்காலிகளை அதில் அடுக்கி வைத்திருந்தார்கள். அவள் படியேறினாள். மேலே எழுத்தர் ரகப் உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர். அவருக்கு இரண்டு குரல்கள் இருந்தன. அலுவலகத்துக்கான குரலில் விதிகளைச் சொல்வார். உண்மையைச் சொல்வதானால் தேநீர்க் குவளையை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு அதற்குள் பேசுவார்.

இன்ஸாஃப் தன் ஊனச் சான்றை நீட்டினாள். எல்லா அலுவலகங்களிலும் செல்லுபடியாகும் சான்று அது.

"இது சமூக நல ஊனம்" என்றார் ரகப். "எங்களோடது போக்குவரத்து ஊனம்."

"ரெண்டும் ஒரே கால்தானே உஸ்தாத்?"

"கால் ஒண்ணுதான். துறை வேற. அதோட, ஊனம்னு உள்ள போய்ச் சொல்லிடாதீங்க. அந்த வார்த்தைய ஒழிச்சிட்டோம். இப்ப எல்லாரும் 'உறுதியாளர்'. அதுக்குத்தான் குழு போன வருஷம் முழுக்க உக்காந்துச்சு."

"வார்த்தைய ஒழிச்சிட்டீங்க. சரி. காலுக்கு என்ன பண்ணப்போறீங்க?"

"அது சுகாதாரத் துறை" என்றார் ரகப். பிறகு குவளைக்குள், "உள்ள தலைவர் பாஷா முன்னாடி நல்லா நொண்டுங்க மேடம். உங்க நடை ரொம்ப நேர்த்தியா இருக்கு."

*

குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற ஜெனரல் பஹ்கத். எல்லாரும் அவரைப் பாஷா என்றார்கள், அவரும் மறுக்கவில்லை. முதுகெலும்பில் வளைவே இல்லாத மனிதர். அதனால் உட்காரும்போது நாற்காலி அவருக்குச் சல்யூட் அடிப்பது போலிருக்கும். வலப்பக்கம் டாக்டர் லம்யீ, கண் மருத்துவர். குழுவில் எலும்பு மருத்துவர் இல்லையா என்று இன்ஸாஃப் கேட்டதற்கு, "எலும்புக்காரர் கனடா போயிட்டார். கண்ணும் உடம்புலதானேம்மா இருக்கு" என்றார் அவர். இடப்பக்கம் ஒரு வக்கீல். அந்த ஆள் எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்ததாகப் பதிவு இல்லை. நான்காவது நாற்காலி காலியாக இருந்தது.

டாக்டர் லம்யீ சுவரில் எழுத்துப் பலகையை மாட்டி அவளைப் படிக்கச் சொன்னார். கடைசி வரியில் இருந்த ஈ அளவு எழுத்து வரை படித்துவிட்டாள். கல்யாண உடுப்பில் பாசிமணி கோப்பவளுக்கு இது ஒரு வேலையா?

"அருமையான கண்" என்றார் டாக்டர். "நோயாளி ஆரோக்கியமா இருக்காங்க பாஷா."

"டாக்டர், நான் காலுக்காக வந்திருக்கேன்."

"காலைத்தான் கண்ணாலேயே பாக்கறோமே. தெரியுது. சூம்பியிருக்கு. அதுல யாருக்கும் சந்தேகம் இல்ல."

ஜெனரல் கையை உயர்த்தினார். அவர் கேள்விகளை மெதுவாக, ஒரு விசாரணை போலக் கேட்டார். கல்யாணம் ஆயிற்றா? இல்லை. கடையைத் தனியாக நடத்துகிறாயா? ஆமாம். வண்டியை நீயே ஓட்டுகிறாயா? ஆமாம். இன்று மேலே எப்படி வந்தாய்? படியேறித்தான்.

"படியேறி" என்று ஜெனரல் மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். "கேட்டீங்களா? படியேறி வந்திருக்காங்க."

"லிஃப்ட்ல நாற்காலி இருந்தது பாஷா."

"இருக்கும். இருந்தும் நீ திரும்பிப் போகல." அவர் எழுந்து நின்றார். குரல் தழுதழுத்தது. அது நடிப்பில்லை. அதுதான் இன்ஸாஃபை மிகவும் கலவரப்படுத்தியது. "மகளே, உன்னைப் பாக்கறப்ப எனக்குக் கால் தெரியல. ஊன்றுகோல் தெரியல. மலை மாதிரி ஒரு மன உறுதிதான் தெரியுது. இப்படிப்பட்ட ஒருத்திகிட்ட ஒரு அட்டையக் குடுத்து, உன்னால நடக்க முடியாது, போ, கிட்டக்க நிறுத்திக்கோன்னு நான் சொன்னா, என்னை விடக் கல்நெஞ்சக்காரன் உண்டா? அது உன்னை அவமானப்படுத்தறது. இந்தக் குழு உன்னை ஒருக்காலும் அவமானப்படுத்தாது."

"பரவாயில்ல பாஷா, அவமானப்படுத்துங்க. எனக்குத் தொடையில புண்."

"பாத்தீங்களா, புண்ணோட வந்திருக்காங்க" என்றார் ஜெனரல். கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரகப் எழுதிக்கொண்டார். மன உறுதி: மிக அதிகம். பரிந்துரை: நிராகரிப்பு.

*

இறங்கும்போது ரகப் பின்னாலேயே வந்தார். படிக்கட்டின் திருப்பத்தில், குவளை கையில் இல்லாததால், உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டார்.

"மேடம், மனசு விட்டுடாதீங்க. உங்கள நிராகரிக்க அவங்களுக்கு அதிகாரம் கிடையாது."

"அப்ப அட்டை கிடைக்குமா?"

"அதுக்கும் அதிகாரம் கிடையாது. அந்தக் காலி நாற்காலியப் பாத்தீங்கல்ல? உறுதியாளர்களோட பிரதிநிதி அங்க உக்காந்தாத்தான் கூட்டம் செல்லும். பிரதிநிதி ஆகணும்னா அனுமதி அட்டை இருக்கணும். அட்டை வேணும்னா கூட்டம் செல்லணும்."

"இதுவரைக்கும் யாருக்காவது அட்டை குடுத்திருக்கீங்களா?"

ரகப் யோசித்தார். "அட்டையோட நிறத்த முடிவு பண்ணியிருக்கோம்" என்றார்.

இன்ஸாஃப் வீட்டுக்குப் போய்ப் புண்ணுக்கு மருந்து போட்டாள். இரண்டு நாள் படுத்தே கிடந்தாள். மூன்றாவது நாள் மறுபடி அந்தப் படிகளை ஏறி, ஜெனரலின் அறைக்குள் கதவைத் தட்டாமல் போய், கூட்டங்கள் எதுவும் செல்லாது என்பது எனக்குத் தெரியும், இதைத் தலைநகரில் யாரிடமாவது சொல்வதாக இருக்கிறேன் என்றாள். அவள் கேட்டது அட்டையைத்தான். கிடைத்தது பதவி.

ஜெனரல் போர்க்கள முடிவெடுப்பவர் போல அங்கேயே, நின்றபடியே அவளைத் தற்காலிகப் பிரதிநிதியாக நியமித்தார். அட்டை இல்லாத குறையைப் பெருந்தன்மையோடு மன்னிப்பதாகவும் சொன்னார். தோல் உறையில் தங்க எழுத்தில் உயர்குழு உறுப்பினர் என்று பொறித்த அடையாள வில்லை ஒன்றை அவள் கையில் வைத்தார்.

"பாஷா, என்னோட அனுமதி அட்டை?"

"மகளே, இப்ப நீ குழு உறுப்பினர். உறுப்பினர் ஒருத்தர் தன்னோட குழுவுலேருந்தே சலுகை வாங்கலாமா? நாளைக்கு ஊர் என்ன பேசும்? உன் மனுவ நானே மூடிட்டேன். உன் நேர்மைக்காக."

கடைக்கு வந்து அவள் நடந்ததைச் சொன்னபோது நபவிய்யா ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தாள். "வண்டி நிறுத்த இடம் கேக்கப் போனவளுக்கு உக்கார இடம் குடுத்திருக்காங்க. விடு. உள்ள போயிட்டியே, மத்தவங்களுக்காவது வாங்கிக் குடு."

இன்ஸாஃபும் அப்படித்தான் நினைத்தாள். அந்த எண்ணத்தோடுதான் முதல் கூட்டத்துக்குப் போனாள்.

*

முதல் மனுதாரர் ஷஹாத்தா. டிராம் ஓட்டியவர். சர்க்கரை வியாதியால் வலது காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்துவிட்டார்கள். இப்போது மகளின் வண்டியில் புண்ணுக்குக் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போகிறார். ஆஸ்பத்திரி வாசலில் நீலக் கட்டம் போட்டதிலிருந்து, இரண்டு தெரு தள்ளி இறங்கி வர வேண்டியிருக்கிறது. வரும்போதே கட்டு நனைந்துவிடுகிறது.

அவர் உள்ளே வந்ததும் நான்காவது நாற்காலியில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அதற்குப் பிறகு அவளைப் பார்த்தேதான் பேசினார்.

டாக்டர் லம்யீ எழுத்துப் பலகையைக் காட்டினார். ஷஹாத்தாவுக்கு மேல் வரிகூடத் தெரியவில்லை. "கண் நல்லா இல்லையே" என்று டாக்டர் உண்மையான அக்கறையோடு சொன்னார். "இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு வண்டியில ஏறவே கூடாது. அப்புறம் நிறுத்தறதுக்கு இடம் எதுக்கு?"

"நான் ஓட்டல டாக்டர். என் பொண்ணு ஓட்டறா."

"பொண்ணுக்குக் கால்?"

"ரெண்டும் நல்லாருக்கு."

"அப்ப பிரச்சினையே இல்லையே" என்றார் டாக்டர்.

ஜெனரல் எழுந்தார். அதே பேச்சு, மலையும் மன உறுதியும் அவமானமும் கல்நெஞ்சும் அதே வரிசையில் வந்தன. தழுதழுப்பும் அதே இடத்தில்தான் வந்தது. இன்ஸாஃப் மேஜையைத் தட்டினாள்.

"எனக்கு இதுல சம்மதம் இல்ல. இவருக்கு அட்டை குடுக்கணும்."

அறையில் யாரோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டது போல எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். ஜெனரல் கோபப்படவில்லை. புதிதாகச் சேர்ந்த சிப்பாயிடம் துப்பாக்கி எந்தப் பக்கம் சுடும் என்று விளக்குவது போலப் பொறுமையாகச் சொன்னார்.

"மகளே, நீ பிரதிநிதி. பிரதிநிதின்னா பிரதிநிதித்துவம் செய்யணும். அதை நீ அருமையா செய்யற. அந்த ஊன்றுகோல் நல்லாத் தெரியற மாதிரி வெச்சிருக்க. ஆனா கருத்து சொல்றது வேற வேலை. அதுக்கு நாங்க இருக்கோம். ரகப், விதியப் படி."

ரகப் அலுவலகக் குரலில் படித்தார். பிரதிநிதியின் வருகை கட்டாயம். பிரதிநிதியின் கருத்து பற்றி விதியில் குறிப்பு ஏதும் இல்லை.

"இல்லாத ஒண்ண எப்படிப் பதிவு செய்யறது?" என்றார் ஜெனரல். "நாங்களும் விதிக்குக் கட்டுப்பட்டவங்கதானே."

ஷஹாத்தா தன் ஊன்றுகட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஜெனரலை அவர் பார்க்கவில்லை. கதவருகே போய், இன்ஸாஃபிடம் மட்டும், கோபம் இல்லாமல் சொன்னார்:

"நீங்க இருந்ததாலதாம்மா நம்பி அவ்வளவும் பேசினேன். இல்லேன்னா வாசல்லேயே திரும்பியிருப்பேன்."

அன்று மாலை கடையில் அவள் ஒரு தையல்கூடப் போடவில்லை. நபவிய்யா ஏதோ கேட்க வந்து, முகத்தைப் பார்த்துவிட்டுத் தேநீர் போடப் போய்விட்டாள்.

*

விலகுகிறேன் என்று சொல்லத்தான் அடுத்த வாரம் போனாள். ஆனால் மாளிகையே பரபரத்துக்கொண்டிருந்தது. தலைநகரிலிருந்து துணைச் செயலர் வருகிறார். உறுதியாளர் தினத்தில், ஊரின் முதல் அனுமதி அட்டையைத் தன் கையால் வழங்கப்போகிறார்.

"பாஷா, ஷஹாத்தாவுக்கா?" என்று அவள் கேட்டாள். அந்த ஒரு நொடி அவளுக்கு எல்லாவற்றையும் மன்னிக்கத் தோன்றியது.

ஜெனரல் முகம் சுளித்தார். "அந்த ஆளா? கட்டு நனைஞ்சு, ஈ மொய்ச்சு... தொலைக்காட்சி வருது மகளே. பாக்கறவங்களுக்கு நம்பிக்கை பொறக்கணும், சாப்பாடு எறங்காம போகக்கூடாது. அதோட படத்துல இருக்கறது சக்கர நாற்காலி. மனு குடுத்தவங்கள்ல ஒருத்தர்கிட்டயும் ஒழுங்கான சக்கர நாற்காலி இல்ல. இருக்கறவங்களால இந்தப் படி ஏறி வந்து மனு குடுக்க முடியல."

சொன்னது தன் காதிலேயே விழாத முகத்தோடு அவர் அடுத்த வேலைக்குப் போனார். அட்டை பெற ஹைஸம் என்ற இளைஞன் தேர்வாகியிருந்தான். ஜெனரல் மனைவியின் அண்ணன் மகன். நல்ல உயரம், நல்ல பல்வரிசை. வாட்டர் போலோ ஆடுகிறவன். விழா முடியும் வரை அவனை உறுதியாளனாக நியமித்திருந்தார்கள். அவளுக்குத் தற்காலிகப் பிரதிநிதி பதவி கிடைத்தது போல அவனுக்குத் தற்காலிக ஊனம்.

இன்ஸாஃப் விலகவில்லை. இதைக் கடைசி வரை பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்குள் ஏதோ ஒன்று பிடிவாதம் பிடித்தது.

விழா நாளில் மாளிகையின் தோட்டம் நிரம்பி வழிந்தது. லிஃப்டில் இருந்த நாற்காலிகள் எல்லாம் வரிசையாக வந்து இறங்கியிருந்தன. ஷஹாத்தாவும் இன்னும் சில மனுதாரர்களும் வேலிக்கு வெளியே நின்றார்கள், அழைப்பிதழ் இல்லாததால். ஜெனரல் பேசினார். உறுதியாளர்களுக்கு உயர்குழு செய்த சேவையைப் பட்டியலிட்டார். புதிய பெயர். புதிய சின்னம். வெண்கலச் சிலை. ஊரெங்கும் நீலக் கட்டங்கள். "இந்தக் கட்டங்கள் ஒண்ணுல கூட இதுவரைக்கும் தகுதியில்லாத ஒரு வண்டி நின்னதில்ல" என்றார். எந்த வண்டியுமே நின்றதில்லை என்பதால் அதில் பொய்யும் இல்லை.

பிறகு ஹைஸம் வந்தான். புத்தம் புது சக்கர நாற்காலி. முழங்காலில் பச்சைக் கம்பளிப் போர்வை. இன்ஸாஃப் தட்டில் அட்டையை ஏந்தி மேடை ஓரத்தில் நின்றாள். துணைச் செயலர், நரைத்த மரியாதையான மனிதர், அட்டையை எடுத்துக்கொண்டு அவனருகே போனார்.

பெரியவர் ஒருவர் முன்னால் வந்து நின்றால் எழுந்து நிற்க வேண்டும் என்று ஹைஸமை அவன் அம்மா நல்லபடியாக வளர்த்திருந்தாள்.

அவன் எழுந்தான். போர்வை நழுவியது. சட்டைப் பித்தானைச் சரிசெய்துகொண்டு, தலை குனிந்து, "ரொம்ப நன்றிங்க" என்று இரண்டு கையாலும் அட்டையை வாங்கினான்.

தொலைக்காட்சிக்காரன்கூடக் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டுப் பார்த்தான். ஹைஸமுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. மெதுவாக உட்காரப் பார்த்தான். அதற்குள் ஜெனரல் ஒலிபெருக்கியைப் பிடித்துவிட்டார்.

"பாத்தீங்களா?" என்றார். குரல் தழுதழுத்தது. "அட்டைய இன்னும் முழுசாக்கூட வாங்கல. அது கையில பட்டதும் எழுந்து நின்னுட்டான். இதைத்தான் நான் மொதல்லேருந்து சொல்லிட்டு வரேன். மன உறுதி."

முதல் வரிசை கைதட்டியது. இரண்டாம் வரிசை எழுந்து நின்று தட்டியது. துணைச் செயலர் கண்கலங்கி ஹைஸமைக் கட்டிப்பிடித்தார். பிறகு, நியாயமான மனிதர் என்பதால், தயக்கத்தோடு கேட்டார்: "அப்படீன்னா, இவருக்கு இனிமே இந்த அட்டை?"

"ரத்து" என்றார் ஜெனரல் உடனே. ஹைஸமின் கையிலிருந்து அட்டையை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சொந்தக்காரன்னு பாக்க மாட்டோம். நடக்க முடியறவனுக்கு இந்த ஊர்ல அட்டை கிடையாது."

அதற்கும் கைதட்டினார்கள். துணைச் செயலர் அங்கேயே ஒலிபெருக்கியில் அறிவித்தார். அட்டை பெற்ற எல்லாரையும் குணப்படுத்திய ஒரே குழு நாட்டிலேயே இதுதான். இதன் பணி ஊர் முழுக்க, ஒவ்வொரு தெருவுக்கும், ஒவ்வொரு மருந்துக்கடை வாசலுக்கும் விரிவாக்கப்படும்.

வேலிக்கு வெளியே ஷஹாத்தா கைதட்டவில்லை. தன் மகளிடம் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பி நடக்கத் தொடங்கினார். இன்ஸாஃப் காலித் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு மருந்துக்கடை வாசலிலும் நீலக் கட்டம் வந்தால், இந்த ஊரில் நடக்க முடியாதவர்கள் மருந்து வாங்குவது அதோடு முடிந்தது என்று அவளுக்குப் புரிந்தது.

ரகப் தேநீர்க் குவளையோடு அருகே வந்தார். அவள்தான் முதலில் பேசினாள்.

"உஸ்தாத், ஒரு சந்தேகம். கட்டமும் பலகையும் இல்லாத தெருவுல யார் வேணா வண்டி நிறுத்தலாமா?"

"அது சும்மாத் தெரு மேடம். சும்மாத் தெரு உயர்குழுவோட அதிகாரத்துல வராது."

"கட்டம் போட்ட இடத்தப் போய்ப் பாக்கறது, சரி பண்றது, இதெல்லாம் யாரோட வேலை?"

ரகப் குவளையை இறக்கிக் கீழே வைத்துவிட்டு, அலுவலகக் குரலிலேயே சொன்னார்: "உறுப்பினர்களோட வேலை."

*

வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் பிறகு, கடைகள் அடைத்திருந்த வேளையில் இன்ஸாஃப் ஒரு டப்பா தார்க்கறுப்புப் பெயின்ட்டும் நீளக் கைப்பிடி வைத்த இரண்டு பிரஷ்களும் வாங்கிக்கொண்டு வந்தாள். நபவிய்யா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்தாள். இன்ஸாஃப் ஒரு கையால் ஊன்றுகோலைப் பிடித்தபடி மறுகையால் அடித்தாள். கட்டத்தின் பாதி மறைந்திருந்தபோது போக்குவரத்துக் காவலர் ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"என்னம்மா பண்றீங்க? அரசாங்கப் பெயின்ட் மேல அடிக்கிறீங்க? யாரு உங்களுக்கு..."

இன்ஸாஃப் நிமிர்ந்தாள். கைப்பையிலிருந்து தோல் உறையை எடுத்து விரித்துக் காட்டினாள். வெயிலில் தங்க எழுத்து மின்னியது.

காவலர் வில்லையைப் படித்தார். உயர்குழு உறுப்பினர். அவளுடைய ஊன்றுகோலையோ, இரும்புச் சட்டத்தையோ, ஆடையில் தெறித்திருந்த கறுப்பையோ அவர் பார்க்கவில்லை. குதிகால்களைச் சேர்த்து வைத்துச் சல்யூட் அடித்தார்.

"மன்னிச்சுக்கோங்க மேடம். தெரியாமப் பேசிட்டேன். குழு வேலையா?"

"குழு வேலைதான். இந்த வருஷம் குழு செஞ்சதுலேயே உருப்படியான வேலை. அந்தச் சக்கரம் இன்னும் தெரியுது பாருங்க, எனக்குக் குனிய வரல."

காவலர் தொப்பியைக் கழற்றி நபவிய்யாவிடம் கொடுத்துவிட்டு, பிரஷை வாங்கிக்கொண்டு முட்டி போட்டார். சக்கர நாற்காலியின் சக்கரத்தை அழுத்தமாக, விளிம்பு பிசகாமல் மூடினார். அப்புறம் தானாகவே கம்பத்தின் திருகுகளைக் கழற்றிப் பலகையை இறக்கினார்.

"இத எங்க வெக்கறது மேடம்?"

"உள்ள வைங்க. துணி வெட்ட நல்ல பலகையா ஒண்ணு ரொம்ப நாளா தேடிட்டிருக்கேன்."

பெயின்ட் காயும் வரை காத்திருக்க அவளுக்குப் பொறுமை இல்லை. கடலோரத்திலிருந்து வண்டியை எடுத்து வந்தாள். காவலர் நடுச்சந்தில் நின்று கையைக் காட்டினார். ஈரத்தின் மேலேயே, டயரில் கறுப்பு ஒட்ட ஒட்ட, வண்டியை ஓரத்தோடு ஒட்டி நிறுத்தி, இறங்கி, கதவைச் சாத்தினாள்.

காவலர் கைகளைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "அவ்வளவுதானா மேடம்? வேலை முடிஞ்சுதா?"

"இங்க முடிஞ்சுது" என்றாள் இன்ஸாஃப். டப்பாவை ஆட்டி எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்தாள். "ஆஸ்பத்திரி வாசல்ல ஒண்ணு இருக்கு. நாளைக்கு உங்களுக்கு டூட்டி எங்க?"